சூசைக்கு ஆகாத ஒன்று

மகளே,

நீ அடுத்த அறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருக்கிறாய். மூடி சேராமல் ட்ரங்குப் பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து அழுத்துகிற சத்தம் இங்கே கேட்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குக் கடிதம் எழுதுகிறவனைப் பார்த்தால் ஊர் சிரிக்கும். ஆனால் நேரில் பேச்செடுத்தால் நீ "சரிப்பா, தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு எழுந்து போய்விடுகிறாய். கடிதம் என்றால் பாதியில் விட்டாலும் மீதி அங்கேயே கிடக்கும், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். நாளைக் காலையில் மாப்பிள்ளை வந்து உன்னையும் பிள்ளை சூசையையும் ஆலந்தலைக்கு அழைத்துப் போகிறார். பிள்ளைப்பேறு முடிந்து எப்போதோ போயிருக்க வேண்டியவள், அவனுக்கு வந்த சங்கடத்தால் அவன் சுவரைப் பிடித்து நிற்கிற வயது வரைக்கும் இங்கேயே தங்கிவிட்டாய். இந்தக் கடிதத்தில் ரகசியம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் யார் கேட்டாலும் வாசித்துக் காட்டு. மாப்பிள்ளையின் அக்காள், உன் மைனி ஜெசிந்தாவுக்கு அவள் கேட்காவிட்டாலும் வாசித்துக் காட்டு.

முதலில் நான் எப்படிப்பட்ட ஆள் என்று சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. சங்கு கிட்டங்கியில் தரம் பிரிப்பது என் வேலை. குளியாட்கள் கடலில் மூழ்கி எடுத்துவரும் சங்குகளை ஒவ்வொன்றாக, பலகையில் போட்டிருக்கிற வட்டத் துளையில் விட்டுப் பார்ப்பேன். நுழைந்து விழுந்தால் சிறிசு, கடலுக்கே திரும்பிப் போகும். விழாமல் நின்றால் கிட்டங்கிக்குள் போகும், அங்கே உள்ளிருக்கிற சதை அழுகிக் கழிகிற வரைக்கும் குவிந்து கிடக்கும். வருஷத்தில் பல தடவை யாராவது ஒருவர் துண்டில் பொத்திப் பொத்தி எதையோ கொண்டுவந்து, "அண்ணாச்சி, வலம்புரி" என்று காதோடு சொல்வார். வாங்கித் திருப்பிப் பார்த்தால் எல்லாச் சங்கையும் போல அதுவும் இடம்புரியாகத்தான் இருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. ஆசை அவர் கண்ணில் இடத்தை வலமாகக் காட்டியிருக்கிறது. பயமும் அதே வேலையைச் செய்யும் என்பதை உன் பிள்ளை விஷயத்தில்தான் நான் பார்த்தேன்.

சூசைக்குத் தலை நின்ற சமயத்திலேயே கன்னம் இரண்டும் சிவந்து சொரசொரப்பாகிவிட்டது. பிறகு முழங்கை மடிப்பு, முழங்கால் மடிப்பு. தூக்கத்தில்கூடக் கன்னத்தைத் தோளில் தேய்த்துக்கொண்டே இருந்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே குரலில் கரப்பான் என்றார்கள். கரப்பான் என்றால் இந்தக் கடற்கரையில் அடுத்த சொல் மீன். பால் கொடுக்கிற தாய் மீன் தின்றால் பிள்ளைக்குக் கரப்பான் ஏறும் என்று சொல்லி உன் அம்மா அன்றைக்கே உன் தட்டிலிருந்து மீனை எடுத்துவிட்டாள். இறால், நண்டு, கணவாய், கருவாடு, அதோடு கத்தரிக்காயும் போயிற்று. பரதவர் வீட்டில் பிள்ளை பெற்றவள் பருப்பும் ரசமுமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். நானும் வீட்டில் மீன் தின்னக் கூசி, கிட்டங்கிக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் தின்றுவிட்டு வந்தேன். மாதம் ஒன்று போயிற்று. உன் கன்னம் ஒட்டிப்போயிற்றே ஒழிய, அவன் கன்னம் தேறவில்லை.

மீனை நிறுத்தியும் குறையாததால் உன் அம்மா அடுத்து என் சட்டையைப் பிடித்தாள். "ஒங்க சங்கு நாத்தம் பிள்ளைக்கு ஆவல. வாசல்லயே அவுத்துப் போட்டுட்டு வாங்க" என்றாள். அழுகின சங்குச் சதையோடு பகல் முழுவதும் கிடப்பவன் நான்தானே. கிணற்றடியில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தேன். எதிர்வீட்டு அம்மாள் கண்ணூறு என்றாள், அவள் பேச்சைக் கேட்டுக் கோயில் எண்ணெய் வாங்கி நெற்றியில் தடவினோம். ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொன்னார்கள், நாமும் எல்லாவற்றையும் செய்தோம். எதைச் செய்த பிறகு எது மாறியது என்று நின்று பார்க்க மட்டும் ஒருவருக்கும் பொறுமையில்லை. நான் குறை சொல்லவில்லை. பிள்ளை சொறிந்து அழும்போது பொறுமையாய் இரு என்று யாரிடம் சொல்வது.

நீ மெலிந்துபோனதைப் பார்த்து உன் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மீன்தான் இல்லை, முட்டையாவது உடம்பில் சேரட்டும் என்று காலையில் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையை உடைத்து, நல்லெண்ணெய் விட்டு, ஓட்டோடு உன் கையில் கொடுப்பாள். பெரிய மனுஷி ஆன பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் நம் பக்கத்தில் செய்கிற வழக்கம்தான். உனக்குக் குமட்டும். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்காக விழுங்கிவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நேரே தொட்டிலுக்குப் போவாய். அவன் அப்போதுதான் விழித்துக் காலை உதைத்துக்கொண்டு கிடப்பான். அள்ளி எடுத்துக் கன்னத்திலும் கழுத்திலும் மாறி மாறி முத்தம் கொடுப்பாய். அவன் கெக்கெக்கே என்று சிரிக்கிற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். வேலைக்குக் கிளம்புகிற எனக்கு அதுதான் மணி. கொஞ்ச நேரத்தில் அதே கன்னத்தில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், சில நாள் வட்டமாக, சில நாள் விரல் பதிந்தது போல நீளமாக. மத்தியானத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் மறைந்துவிடும். "பிள்ளை சிரிச்சா யாரு கண்ணோ படுது" என்று எதிர்வீட்டு அம்மாள் சொன்னதை நாமும் நம்பினோம்.

இதில் உன் அம்மா செய்ததைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் நடந்தது என்ன என்று பார். ஆகாதது எது என்று தெரியாமல் ஆகிற மீனை நிறுத்தினோம். மீனை நிறுத்தியதால் முட்டையைக் கூட்டினோம். ஆகாதது அந்த முட்டைதான். மீனைக் குற்றவாளி என்று எல்லாரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டதால், முட்டைப் பக்கம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் உட்காரத் தொடங்கியதும் கஞ்சி ஆரம்பித்தோம். வறுத்த அரிசியும் பயறும் திரித்து, அதில் முந்திரிப்பருப்பைப் பொடித்துப் போட்டு உன் அம்மா காய்ச்சுவாள். கிண்ணத்தை வழித்து நக்குவான், ஒரு தொந்தரவும் இல்லை. இந்த முந்திரிப்பருப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் வரும்.

ஜெசிந்தா வந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறக்கமாட்டாய், ஆனால் உனக்கு அதில் பாதிதான் ஞாபகம் இருக்கும், மீதி நேரம் நீ நீயாக இல்லை. அவள் ஆலந்தலையிலிருந்து பஸ்ஸில் வந்து, பஜாரில் இறங்கி, தம்பி பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாதென்று மக்ரூன் வாங்கிக்கொண்டு வந்தாள். நம் ஊருக்கு வருகிற எவரும் வாங்குவதுதான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "ஏலே, அத்தை கொண்டாந்தத தின்னு பாரு. பல்லே வேண்டாம், வாயில வச்சா கரைஞ்சிரும்" என்று ஒரு நுனியைக் கிள்ளி அவன் நாக்கில் வைத்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், நீயும்தான். பல்லில்லாத பிள்ளைக்கும் கிழவனுக்கும் மக்ரூன் கொடுக்கலாம் என்பது தூத்துக்குடியில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம், அதில் தடுக்க என்ன இருக்கிறது. அவன் சப்புக்கொட்டினான், எல்லாரும் சிரித்தோம்.

காப்பி ஆறுவதற்குள் அவன் உதடு தடித்துவிட்டது. காதுக்குப் பின்னாலிருந்து தடிப்பு கிளம்பி மார்பு வரைக்கும் ஓடியது. குடித்த பாலையெல்லாம் கக்கினான். அது வரைக்கும்கூட, தின்னது சேரவில்லை, கக்கியாயிற்று, சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு இருமினான். மூச்சு இழுக்கும்போது ஊதல் போல ஒரு சத்தம் வந்தது. அதற்கும் பிறகு சத்தமே குறைந்து, ஈரத்துணி போலத் துவண்டு உன் தோளில் சாய்ந்தான். உன் அம்மா கோயில் எண்ணெயைத் தேடி ஓடினாள். ஜெசிந்தா பால் புகட்டுகிற சங்கில் வெந்நீர் எடுத்துவந்து அவன் வாயில் ஊற்றப்போனாள், நான் கையைத் தட்டிவிட்டேன், சங்கு தரையில் விழுந்து ஓரம் உடைந்தது. நான் ஏதோ தெரிந்து செய்தேன் என்று எண்ணாதே. மூச்சுக்கே திணறுகிறவன் தண்ணீரை எங்கே விழுங்குவான் என்று பட்டது, அவ்வளவுதான். எதிர்வீட்டுக்காரர் வேலை பார்க்கிற இறால் கம்பெனியின் ஜீப் வாசலில் நின்றது. ஐஸ் உருகி வழிந்துகொண்டிருந்த அந்த ஜீப்பில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் முதலில் தொடையில் ஊசியைப் போட்டாள். சாத்தான்குளத்துப் பக்கத்துக்காரி, அதட்டிப் பேசுகிறவள். கொஞ்ச நேரத்தில் ஊதல் சத்தம் அடங்கியது. உதட்டில் நிறம் வந்தது. பிறகு அவன் வீறிட்டு அழுதான். பிள்ளை அழுவதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்தது என்று எழுத வெட்கமில்லை. நாம் உடனே வீட்டுக்குக் கிளம்பப் பார்த்தோம், அவள் விடவில்லை. அடங்கினது மறுபடி கிளம்பலாம், மறுநாள் வரைக்கும் என் கண் முன்னால் இருக்கட்டும் என்று கட்டிலைக் காட்டினாள்.

அதற்குப் பிறகுதான் கேள்வி. என்ன தின்றான், எவ்வளவு, தின்று எவ்வளவு நேரத்தில் ஆரம்பித்தது, எது முதலில் வந்தது, இதற்கு முன் இப்படி எப்போதாவது உண்டா. நான் சங்கைத் திருப்பிப் பார்ப்பது போல அவள் ஒவ்வொரு பதிலையும் திருப்பிப் பார்த்தாள். ஜெசிந்தா அழுதுகொண்டே, "மக்ரூன்தான் டாக்டரம்மா, துளிதான் வச்சேன்" என்றாள். "மக்ரூன்ல என்னம்மா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டாள். சீனி, முந்திரிப்பருப்பு, முட்டையின் வெள்ளை, மூன்றே சாமான் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். "முந்திரி இவனுக்குக் குடுத்திருக்கீங்களா?" என்றாள். கஞ்சியில் போட்டு நிறையக் கொடுத்திருக்கிறோம், ஒன்றும் செய்யவில்லை என்றாய். "அப்போ முட்டை?"

"பிள்ளைக்கு முட்டையே குடுத்ததில்ல டாக்டரம்மா" என்றாள் உன் அம்மா. "இவளுக்குத்தான் காலையில பச்சை முட்டை குடுக்கேன்."

டாக்டரம்மா உன்னைப் பார்த்து, முட்டை குடித்த பிறகு பிள்ளையை என்ன செய்வாய் என்று கேட்டாள். உன் கை தானாக எழும்பி வாயை மூடிக்கொண்டது. காலையில் கன்னத்தில் எழும்புகிற தடிப்பைப் பற்றி நான்தான் சொன்னேன். அவள் தலையை அசைத்துக்கொண்டாள். "ஒதட்டுல ஒட்டியிருக்கறதே போதும். பச்சை வெள்ளைக்கரு வேற. தோல் வெடிச்ச கன்னம். இத்தனை நாளா பிள்ளை அவன் பாஷையில சொல்லிக்கிட்டுதான் இருந்திருக்கான்" என்றாள். உன்னைக் குற்றம் சொல்கிற குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. நீதான் அப்படிக் கேட்டுக்கொண்டாய்.

அவள் சொன்ன மற்றதையும் அவள் சொன்னபடியே எழுதுகிறேன், நீ அன்றைக்குக் கேட்டிருக்க மாட்டாய். எல்லாத் தடிப்பும் சாப்பாட்டால் வருவதில்லை. சூசையின் தோல் பிறவியிலேயே வறட்சியான தோல், முட்டையை நிறுத்தினாலும் கரப்பான் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும், குளித்த ஈரத்திலேயே அவள் தந்த களிம்பைத் தடவிவர வேண்டும். சாப்பாடுதான் காரணமா என்று பார்க்க அடையாளம், அது தின்ற கொஞ்ச நேரத்துக்குள் வரும், தின்கிற தடவையெல்லாம் வரும். வேர்க்குரு அப்படி வராது, கொசுக்கடி அப்படி வராது. எந்தச் சாப்பாடு என்று நிச்சயமாகத் தெரிந்தால் அதை மட்டும் நிறுத்து, சந்தேகத்துக்கு நிறுத்துவதென்றால் கடைசியில் தாயும் பிள்ளையும் பச்சைத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும் என்றாள். "மீன் என்ன பாவம் செஞ்சுது? பிள்ளைக்கே முள்ளெடுத்துக் குடுங்க" என்றாள். மறுவாரம் உன் அம்மா ஊளி மீனை அவித்து, முள் பார்த்துப் பார்த்து எடுத்து, சோற்றில் பிசைந்து ஊட்டினாள். வீடே அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் இன்னும் வேண்டுமென்று தட்டில் கையைப் போட்டு அடித்தான். அன்றைக்கு நானும் வீட்டிலேயே மீன் தின்றேன்.

இப்போது ஆலந்தலையைப் பற்றி. முட்டை முட்டையாக வந்தால் யாருக்கும் தெரியும். அது வேஷம் போட்டுக்கொண்டு வருவதில்தான் கவனம் வேண்டும். கிறிஸ்துமஸ் கேக்கில் இருக்கும், மக்ரூனில் இருக்கும், பேக்கரிப் பன்னின் மினுமினுப்பிலும் இருக்கும். ஆம்லெட் போட்ட கல்லில் வார்த்த தோசையிலும், முட்டைக் குழம்பைக் கிண்டிவிட்டு மீன் குழம்பில் போட்ட கரண்டியிலும் இருக்கும். தெரியாத பண்டம் என்றால் என்ன போட்டுச் செய்தது என்று கேள். செய்தவளுக்கே தெரியாவிட்டால் வேண்டாமென்று சொல்லிவிடு. அவனுக்கென்று ஒரு கிண்ணமும் கரண்டியும் தனியாக வைத்துக்கொள். ஊசி போட எங்கே கொண்டு போனாலும் முட்டை சேராத பிள்ளை என்று முதலில் சொல்லிவிடு. "கொஞ்சம்தானே" என்பார்கள். துளிதான் வைத்தேன் என்று ஜெசிந்தா சொன்னது பொய்யில்லை. "குடுத்துப் பழக்கினா சரியாப்போவும்" என்றும் யாராவது சொல்வார்கள். முக்கால்வாசிப் பிள்ளைகளுக்கு வளர வளர இது தானே விட்டுப்போகும் என்றுதான் டாக்டரம்மாவும் சொன்னாள். ஆனால் விட்டதா என்று பார்ப்பது அவளுடைய வேலை, ஆஸ்பத்திரியில், ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது. அதை ஒருவரும் வீட்டில் பார்க்க வேண்டாம், நீயும் சேர்த்து. அவன் நன்றாக நடந்து பேசுகிற காலத்தில் என்னிடம் கூட்டிக்கொண்டு வா, நான் அழைத்துப் போகிறேன்.

எல்லாக் கவனத்தையும் மீறி ஒருநாள் நடந்துவிட்டால், இதைப் படித்த யாராவது ஒருவர் கை கால் உதறாமல் இருக்க வேண்டும். வெறும் தடிப்பும் அரிப்பும் என்றால் டாக்டரம்மா தந்திருக்கிற சிரப்பைக் கொடுத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டிரு. இருமல், ஊதல் சத்தம், குரல் மாறுவது, விடாமல் கக்குவது, துவள்வது, இதில் ஒன்று வந்தாலும் சிரப்பை நம்பி உட்காராதே. அது அரிப்புக்குத்தான் கேட்கும், மூச்சுக்குக் கேட்காது. வாயில் எதையும் ஊற்றாதே. தோளில் போட்டுக் குலுக்கிக்கொண்டு ஓடாதே, மடியில் படுக்கவைத்துக்கொள், கக்கினால் ஒருக்களித்துப் போடு. திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ. பஸ்ஸுக்குக் காத்திருக்காதே. உங்கள் கரைக்கு இறால் ஏற்ற வருகிற வேன்காரரிடம் மாப்பிள்ளை இப்போதே சொல்லி வைக்கட்டும், அந்த வேன் இல்லாத நேரத்துக்கு இன்னொருவரையும் பார்த்து வைக்கட்டும். போனதும் டாக்டரிடம், முட்டை சேராத பிள்ளை, போன தடவை மூச்சு அடைத்தது என்று முதல் வார்த்தையாகச் சொல்.

ஜெசிந்தா அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு வரவில்லை. "எந்தம்பி பிள்ளைக்கு நானா விசம் வச்சேன்?" என்று யாரிடமோ கேட்டு அழுதாளாம். அம்மா, ஜெசிந்தா, இதை உனக்கு என் மகள் வாசித்துக் காட்டுவாள் என்று நம்பி எழுதுகிறேன். நீ வைத்தது மக்ரூன். நீ வைத்திருக்காவிட்டால் வேறு யாராவது கேக்கை வைத்திருப்பார்கள், அப்போது வாசலில் ஜீப் நின்றிருக்குமோ என்னவோ. அந்த வீட்டில் வருகிறவர் போகிறவர் கையைத் தடுக்க என் மகளுக்கு வாய் பத்தாது. உனக்குப் பத்தும். பிள்ளையின் அத்தை "முட்டை ஆகாது, எடுங்க அங்கன" என்று ஒரு அதட்டல் போட்டால் ஆலந்தலையில் ஒரு கை நீளாது. அந்தப் பொறுப்பை உன்னிடம்தான் கொடுக்கிறேன்.

மகளே, இனிமேல் எழுதுவது உனக்கு. இது வரைக்கும் எழுதியதில் பாதி உனக்கே தெரியும், இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கஞ்சி, மீன், சோறு, டாக்டரம்மா பெயர் சொன்ன இந்த மூன்றைத் தவிர அவனுக்கு நீ எதையும் கொடுப்பதில்லை. வாழைப்பழத்தை உரித்துக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு நீயே தின்றுவிடுகிறாய். உடன்குடிக் கருப்பட்டியை அவன் நாக்கில் தொட்டு வைக்க உனக்குத் தைரியம் வரவில்லை. முன்னால் மீனுக்கு நாம் செய்ததை நீ இப்போது உலகத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் செய்கிறாய். புதிதாக ஒன்று கொடுப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒன்று, பகல் வெளிச்சத்தில், விரல்நுனி அளவில் கொடு. ஒன்றும் இல்லையென்றால் மறுநாள் கொஞ்சம் கூட்டு. சேர்ந்தால் விடாமல் கொடுத்துக்கொண்டே இரு. அவனுக்கு ஆகாதது ஒன்றுதான். மற்றதெல்லாம் அவனுடையது.

இன்னொன்றையும் பார்த்தேன். நீ அவனை முத்தமிடுவதில்லை. குளிப்பாட்டுகிறாய், களிம்பு தடவுகிறாய், தூக்கிச் சுமக்கிறாய். அவன் இரண்டு கையாலும் உன் முகத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தால் கழுத்தைத் திருப்பிக்கொண்டு அவன் தலைக்கு மேலே எங்கேயோ பார்க்கிறாய். சில நாள் அவன் விடாமல் இழுப்பான், இப்போது அதையும் விட்டுவிட்டான். காலையில் தெருமுனை வரைக்கும் கேட்ட அந்தச் சிரிப்பு நின்றுபோய் எத்தனையோ நாளாகிவிட்டது. நான் கிளம்புகிற நேரம் தவறிப்போகிறது. உன் அம்மா இதைக் கவனித்துவிட்டு ஒருநாள் "ஏளா, பிள்ளையக் கொஞ்சேன்" என்றாள். நீ களிம்பு டப்பாவைத் தேடுகிற மாதிரி எழுந்து போனாய். உன் உதட்டில்தான் விஷம் இருந்தது என்று நீ முடிவு செய்துவிட்டாய். அதுவும் கையில் வாங்கிப் பார்க்காமல் சொன்ன தீர்ப்புத்தான். அவன் கன்னத்தைத் தடிக்க வைத்தது வெள்ளைக்கரு. வாயைத் துடைத்த புறங்கையில் மீதி இருந்த வெள்ளைக்கரு. உன் முத்தத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை.

இதை நாளைக்குப் பஸ்ஸில் படிக்கச் சொல்லிக் கொடுக்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். வேண்டாம், இப்போதே கொண்டுவந்து உன் பெட்டி மேல் வைக்கிறேன். இந்த வீட்டில் முட்டை நுழைந்து மாதக்கணக்காகிறது. ஆலந்தலையில் எப்போதாவது நீ தின்றால் சோப்புப் போட்டுக் கையையும் வாயையும் கழுவிக்கொள், சேலையில் சிந்தியிருந்தால் மாற்றிக்கொள், பிறகு அவனைத் தூக்கு. இன்றைக்கு அந்த வேலைகூட இல்லை. அவன் விழித்துக்கொண்டான், தொட்டில் கம்பியை உதைக்கிற சத்தம் கேட்கிறது. போய் எடு. நான் இந்தப் பக்கமே திரும்பி உட்கார்ந்திருக்கிறேன். முன்பு தடித்ததே, அதே கன்னத்தில், அதே இடத்தில் முத்தம் கொடு. கொடுத்துவிட்டு வெளிச்சத்தில் கொண்டுவந்து வைத்து எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிரு. ஒன்றும் தடிக்காது.

அப்பா